அறுபது பலூன், ஒரு தீக்குச்சி

அந்தப் பலூன் கடைக்காரரின் மகளுக்குப் பத்து வயது. அவளைக் கடையில் எல்லோரும் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியாக இருப்பதால் வந்த பெயர் இல்லை. தவழ்கிற வயதில் ஒரே மத்தியானத்தில் இருபத்திரண்டு பலூன்களைக் கடித்தே வெடிக்க வைத்ததால் அப்பா சூட்டிய பெயர். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறொரு பெயர் உண்டு. கடையில் அதைச் சொன்னால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

அந்தக் கடையில் இன்னொரு விசேஷம், பலூனுக்கு ஹீலியம் வாயு அடைக்கும் சிலிண்டருக்குச் சட்டை போடுவார்கள். ஆளுயரத்தில் நின்ற இரும்பு உருளையைப் பார்த்து ஒரு குழந்தை ஒருமுறை ஓவென்று அழுதுவிட்டது. அன்றைக்கே அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மஞ்சள் துணி, பெரிய பெரிய பொத்தான், கழுத்தில் சிவப்பு நாடா என்று கோமாளிச் சட்டை ஒன்று தயாரானது. கூடவே ஒரு சட்டமும் வந்தது. சட்டை போடாத சிலிண்டர் கடைக்குள்ளேயே வரக்கூடாது.

அந்தச் சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் வெளியூரில் ஒரு கடைத் திறப்பு விழாவுக்கு அலங்காரம் செய்யப் போயிருந்தார்கள். கடையைப் பார்த்துக்கொள்ளச் சித்தப்பா இருந்தார். அவர் இந்த வேலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மாலை ஐந்து மணிக்கு ஊர்க்கோடியில் இருக்கும் கூடத்தில் ஒரு பையனுக்குப் பிறந்தநாள் விழா. அறுபது பலூன் கேட்டிருந்தார்கள்.

குண்டூசி மேசையடியில் உட்கார்ந்து கம்பியில் மணி கோத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வகுப்புக்கு ஓர் அணுவின் மாதிரியைச் செய்து கொண்டுபோக வேண்டும். அவள் ஹீலியத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். வீட்டுக்குச் சோறு போடுகிற தனிமத்தை விட்டுவிட்டு வேறெதையாவது செய்வாளா என்ன?

"நடுவுல எதுக்கு நாலு மணியைக் கோத்திருக்கே?" என்று கேட்டார் சித்தப்பா.

"அதுதான் அணுக்கரு. ரெண்டு புரோட்டான், ரெண்டு நியூட்ரான். சுத்தி வர்ற ரெண்டும் எலக்ட்ரான்."

"ஒரு புரோட்டானைக் குறைச்சுட்டா சீக்கிரம் முடியுமே."

"அப்ப அது ஹீலியமே இல்ல சித்தப்பா. புரோட்டான் எத்தனைங்கறதை வெச்சுத்தான் தனிமத்துக்குப் பேரு. ஒண்ணு மட்டும் இருந்தா ஹைட்ரஜன்."

"கண்ணுக்கே தெரியாத சாமான். அதுல ஒண்ணு கூடினா என்ன, குறைஞ்சா என்ன?" என்று சிரித்தபடியே அவர் அடுத்த பலூனை ஊதினார். பிறகு சிலிண்டரைப் பார்த்து முணுமுணுத்தார். "இந்தச் சனியன்தான் காலையிலேர்ந்து படுத்துது. நம்ம ரெகுலேட்டர் இதுல சேரவே இல்ல. பக்கத்துக் கடை ஜன்னல்ல பழசு ஒண்ணு கிடந்துது, எடுத்து மாட்டினேன். அதுக்கும் நட்டைத் தலைகீழா திருப்ப வேண்டியதாப் போச்சு."

நான்கு மணிக்கு அறுபது பலூன்களையும் வேனில் திணித்துக்கொண்டு அவர் கிளம்பினார்.

குண்டூசியின் மணிகள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. வண்ணம் அடித்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஹீலியம் சிலிண்டர் பழுப்பு நிறம். அதே பழுப்பைக் கலக்கலாம் என்று எழுந்துபோய்ச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றினாள்.

உள்ளே சிவப்பாக இருந்தது.

மீதிப் பொத்தான்களையும் கழற்றினாள். மேலிருந்து கீழ்வரை சிவப்பு. நடுவில் தீச்சுடர் படம் போட்ட ஒரு சீட்டு. அதில் கொட்டை எழுத்தில் ஹைட்ரஜன் என்று எழுதியிருந்தது.

கடைக்குப் பின்னால் இருந்த இருட்டு நடைக்கு ஓடினாள். அவர்கள் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் பொதுவான நடை அது. கேஸ் கம்பெனிக்காரர்கள் இரண்டு கடைக்கும் உரியதை அங்கேதான் இறக்கிவிட்டுப் போவார்கள். மூலையில் ஒரு பழுப்பு சிலிண்டர் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. சித்தப்பா அந்த இருட்டிலேயே கைக்குக் கிடைத்த சிலிண்டருக்குச் சட்டையை மாட்டி உள்ளே உருட்டி வந்திருக்கிறார். சட்டத்தை அவர் மீறவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

பக்கத்துக் கடை கண்ணாடிப் பட்டறை. ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டிய கண்ணாடிக் குழாய்களை அங்கே ஒருவர் ஹைட்ரஜன் தீயில் வாட்டி வளைப்பார். குண்டூசிக்கு அவர் கண்ணாடி மாமா. அன்று வேறொரு தெருவுக்கு வேலையாகப் போயிருந்தவர் அப்போதுதான் வந்து ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க ஹைட்ரஜனை சித்தப்பா பலூன்ல அடைச்சுட்டாரு."

"எத்தனை பலூன்?"

"அறுபது. பிறந்தநாள் விழாவுக்கு. அஞ்சு மணிக்கு மெழுகுவத்தி ஏத்துவாங்க."

மாமா வேறு கேள்வி கேட்கவில்லை. உள்ளே போய்ச் சிலிண்டரின் வாயை இறுக மூடிவிட்டு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் குண்டூசிக்கு இன்னும் பயம் கூடிவிட்டது.

சித்தப்பாவைப் போனில் கூப்பிட்டாள். பலூன் பாக்கெட்டுகளுக்கு அடியிலிருந்து மணி அடித்தது. மனுஷர் போனை மறந்துவிட்டுப் போயிருந்தார். விழாக்காரர்களின் எண் ஆர்டர் நோட்டில் இருந்தது. மூன்று முறை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை. மணி நாலரையைத் தாண்டியிருந்தது.

"ஏறு," என்றார் மாமா.

ஸ்கூட்டர் பறந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த குண்டூசிக்கு ஆசிரியை சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எலக்ட்ரான்கள் உட்காரும் முதல் பெஞ்சில் இரண்டே இடம். ஹீலியத்தில் இரண்டும் நிறைந்துவிட்டது, அதற்கு யாருடைய துணையும் வேண்டாம். ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே எலக்ட்ரான். பக்கத்து இடம் காலி. அதனால் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துத் திரியும். ஒரு பொறி பட்டால் போதும், கோத்த கையை உதறிவிட்டு ஆக்சிஜனிடம் பாயும். அந்தப் பாய்ச்சலில்தான் தீயும் வெடியும். வகுப்பில் கேட்டபோது அது வேடிக்கையாக இருந்தது. இப்போது பெஞ்சும் வேடிக்கையாக இல்லை, ஹைட்ரஜனும் வேடிக்கையாக இல்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

சரக்கு ரயில் ஒன்று ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. அதற்கு ஓர் அவசரமும் இல்லை. மாமா ஹாரனை அடித்துப் பார்த்தார். முன்னால் நின்ற லாரி நகர்ந்தால்தானே.

"மாமா, நான் நடைமேம்பாலத்துல ஏறி ஓடிடறேன். அந்தப் பக்கம் இறங்கினா கூடம் தெரியும்."

மாமா ஒரு நொடி யோசித்தார். "போ. ஆனா ஒண்ணு. உள்ளே போய் வெடி, தீன்னு கத்திடாதே. சின்னப் பிள்ளைங்க ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஓடும். கேட் திறந்ததும் வந்துடறேன்."

படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். பாலத்துக்கு அடியில் ரயில் தடதடத்தது. அந்தப் பக்கம் இறங்கியபோது கூடத்தின் வாசலில் கடை வேன் இல்லை. சித்தப்பா வேலையை முடித்துவிட்டு வேறு வழியாகத் திரும்பிப் போயிருக்க வேண்டும். இனி அவளே பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

கூடத்துக்குள் பாட்டு காதைப் பிளந்தது. முப்பது பிள்ளைகளாவது இருப்பார்கள். நடுவில் மேசை, மேசைமேல் கேக், கேக்கின்மேல் ஆறு மெழுகுவர்த்திகள். நேர் மேலே, ஓர் ஆள் கை நீட்டினால் தொடுகிற உயரத்தில், நீலமும் வெள்ளையுமாக அறுபது பலூன்கள் கொத்துக் கொத்தாக ஆடிக்கொண்டிருந்தன. சித்தப்பா வேலையை நன்றாகத்தான் செய்திருந்தார்.

வாசல் கதவில் ஒரு பாதிதான் திறந்திருந்தது. மறுபாதியை அடைத்துக்கொண்டு பரிசுப் பெட்டிகள். மாமா சொன்னது எதற்கென்று குண்டூசிக்கு அப்போது புரிந்தது.

பிறந்தநாள் பையனின் அம்மா யார் என்று விசாரித்து அவரிடம் போனாள். "ஆன்ட்டி, நான் பலூன் கடைலேர்ந்து வர்றேன். மெழுகுவத்தியை ஏத்த வேண்டாம். பலூன்ல தப்பான வாயுவை அடைச்சுட்டாங்க."

"என்னம்மா? பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை."

"பலூன்ல ஹைட்ரஜன் இருக்கு ஆன்ட்டி. நெருப்பு பட்டா பத்திக்கும்."

"பலூன்ல காத்துதானேம்மா இருக்கும்? வெடிச்சா டப்புனு ஒரு சத்தம், அவ்வளவுதான். உங்க கடைக்காரர் எல்லாத்தையும் சரி பார்த்துட்டுத்தானே போனாரு. நீ உக்காரு, கேக் சாப்பிட்டுட்டுப் போகலாம்." சொல்லிக்கொண்டே திரும்பி, "அண்ணா, மணியாச்சு. தீப்பெட்டி எங்கே?" என்றார்.

தொந்தியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். பையனின் தாய்மாமா. சட்டைப்பையில் தடவித் தீப்பெட்டியை எடுத்தார்.

குண்டூசி தீப்பெட்டியையும் பலூன்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்தினால் பிள்ளைகள் அந்த அரைக் கதவில் நசுங்குவார்கள். கத்தாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். பலூன்களை அவிழ்க்க அவளுக்கு உயரம் வேண்டும், நேரமும் வேண்டும். இரண்டும் இல்லை.

பலூனை நகர்த்த முடியாது. கேக்கை நகர்த்தலாமே.

யார் சொன்னால் நகர்த்துவார்கள்? இன்றைக்கு இந்தக் கூடத்தில் யாருடைய பேச்சு செல்லும்? மேசைக்குப் பக்கத்தில் நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தான் பிறந்தநாள்காரன். தலையில் காகிதத் தொப்பி. குண்டூசி அவனிடம் போய்க் காதோரம் குனிந்தாள்.

"உன்கிட்ட ஒரு நிஜம் சொல்லணும். அழக்கூடாது."

"நான் எதுக்கு அழணும்? எனக்கு ஆறு வயசு."

"இந்தப் பலூனுக்குள்ள ஹைட்ரஜன்னு ஒண்ணு இருக்கு. தப்பாப் போட்டுட்டாங்க. நெருப்பைப் பார்த்தா அதுக்குச் சும்மா இருக்கத் தெரியாது."

"எங்க மாமா மாதிரியா?"

"உங்க மாமாவை விட மோசம்."

அவன் மேலே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "வெடிக்குமா?"

"நெருப்பு கிட்டே வந்தா வெடிக்கும். வரலைன்னா ஒண்ணும் ஆகாது."

"நீ பயப்படறியா?"

"ஆமா," என்றாள் குண்டூசி. பொய் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. "நீ சொன்னாத்தான் பெரியவங்க கேப்பாங்க. கேக்கை வெளியே, திடல்ல வெச்சு வெட்டலாம்னு சொல்லு. எல்லாரும் கேக் பின்னாடியே வந்துடுவாங்க."

தாய்மாமா தீக்குச்சியை உரசினார். குச்சி இரண்டாக ஒடிந்து விழுந்தது. "ஈரம் போல," என்று அடுத்ததை எடுத்தார்.

"நிறுத்துங்க மாமா," என்றான் பிறந்தநாள்காரன். "கேக்கை வெளியே கொண்டு போங்க. நான் திடல்லதான் வெட்டுவேன்."

"திடல்லயா? சரிடா கண்ணு, இங்கேயே ஏத்தி எடுத்துட்டுப் போகலாம். அதுவும் அழகா இருக்கும்." குச்சி பெட்டியின் ஓரத்தைத் தொட்டுவிட்டது.

குண்டூசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தெரியாத பெரியவர் ஒருவரின் கையை அப்படிப் பிடித்தது அவளுக்கு அதுவே முதல் தடவை. அவர் திகைத்துப் போனார்.

அந்த நேரம் பார்த்துப் பிறந்தநாள்காரன் நாற்காலியிலிருந்து குதித்துத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். "வெளியே போய் ஏத்தினாத்தான் ஊதுவேன். இங்கே ஏத்தினா ஊதவே மாட்டேன். ஆறு வயசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"விடுங்கண்ணா," என்றார் அவன் அம்மா. "இன்னிக்கு அவன் வெச்சதுதான் சட்டம். ஊர்வலமாப் போவோம், என்ன இப்போ."

கேக் முன்னால் போனது. முப்பது பிள்ளைகளும் எறும்பு வரிசையாகப் பின்னால் போனார்கள். தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. கேக் போகும் வழியைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? குண்டூசி கதவோரம் நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். கடைசியாக வந்த ஒரு குட்டிப் பெண்ணின் மணிக்கட்டில் ஒரு நீலப் பலூன் கட்டியிருந்தது. யாரோ அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அவள் அதை இழுத்துக்கொண்டு நேராகக் கேக்கை நோக்கி நடந்தாள்.

குண்டூசி குறுக்கே போய் மண்டியிட்டாள். "பாப்பா, இது எவ்வளவு உயரம் போகும்னு உனக்குத் தெரியுமா?"

குட்டிப் பெண் இல்லையென்று தலையாட்டினாள்.

"எனக்கும் தெரியாது. வா, அந்தக் கோடியில நின்னு விட்டுப் பாக்கலாம். நீதான் எண்ணணும்."

குண்டூசி முடிச்சை அவிழ்த்தாள். கயிறு நழுவியது. பலூன் சரசரவென்று மேலே ஏறியது. குட்டிப் பெண் தனக்குத் தெரிந்த எட்டு வரை எண்ணினாள், அதற்குப் பிறகும் எட்டு எட்டு என்றே எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டரைத் தெருக்கோடியிலேயே நிறுத்திவிட்டுக் கண்ணாடி மாமா ஓடி வந்தார். நேராகத் தாய்மாமாவிடம் போனார். "முதல்ல அந்தத் தீப்பெட்டியைக் கொடுங்க." வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் தான் யார் என்றே சொன்னார். ஹைட்ரஜன் தீயை வைத்து முப்பது வருஷமாகத் தொழில் செய்கிறவர். அறுபது பலூன் ஒன்றாகப் பற்றினால் என்ன ஆகும் என்று அவர் மெல்லிய குரலில் இரண்டே வரி சொன்னார். பையனின் அம்மா பக்கத்தில் இருந்த சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு வந்து சொன்னா. நான் கேக் சாப்பிட உக்காரச் சொன்னேன்," என்றார்.

கடைக்குத் திரும்பி, சட்டை கழற்றிய சிவப்புச் சிலிண்டரைப் பார்த்துவிட்டுச் சித்தப்பாவும் அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கண்ணாடி மாமாவும் அவரும் சேர்ந்து ஜன்னல்களை எல்லாம் திறந்தார்கள். பொறி பறக்கக்கூடும் என்று சுவரில் இருந்த எந்தச் சுவிட்சிலும் கை வைக்கவில்லை. பலூன்களை மும்மூன்றாக எடுத்துப்போய், ஆளில்லாத மேட்டில் வைத்து வாயை அவிழ்த்து விட்டார்கள். ஐம்பத்தொன்பது பலூன்களும் சுருங்கிய தோலாகத் திரும்பி வந்தன.

அதன் பிறகே கண்ணாடி மாமா தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். திடலில் வேறு கூத்து தொடங்கியது. பெரியவர்கள் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினால் காற்று அதை அணைத்தது. கையால் மறைத்துக்கொண்டு ஏற்றினால் அடுத்ததை அணைத்தது. பிறந்தநாள்காரன் ஒரு தடவைகூட ஊதவில்லை.

"உள்ளேயே போய் ஏத்தலாம், இப்போ பலூன் இல்லையே," என்றார் யாரோ.

"பலூன் இல்லாம என்ன பிறந்தநாள்?" என்றான் அவன்.

அவன் அம்மா குண்டூசியைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. மறுபடி பலூன் கட்டலாமா?"

"ஹீலியமா இருந்தா கட்டலாம் ஆன்ட்டி. அது எரியவே எரியாது. இந்தத் தடவை நானே பார்த்துட்டுச் சொல்றேன்."

வேனில் கடைக்குப் போகும் வழியெல்லாம் சித்தப்பா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தார். எப்போதும் விசிலடித்துக்கொண்டு ஓட்டுகிறவர் அவர். நடையிலிருந்த பழுப்பு சிலிண்டரை வெளிச்சத்துக்கு உருட்டி வந்து நிறுத்தினார். கடையின் சொந்த ரெகுலேட்டரை எடுத்து வைத்தார். அதற்குமேல் கை போகவில்லை.

"நட்டு தலைகீழா சுத்தினப்பவே எனக்கு உறைச்சிருக்கணும் குண்டூசி. எரியற வாயு சிலிண்டருக்குத்தான் நட்டு அப்படிச் சுத்தும். வேற சிலிண்டர்னு அது சொல்லிச்சு. நான் அடம் பிடிக்குதுன்னு திட்டினேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. பெரியவர்கள் அழுதால் என்ன செய்வது என்று குண்டூசிக்குத் தெரியாது. அவர் பக்கத்தில் போய் ஒட்டி நின்றுகொண்டாள். பிறகு சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். நிறத்தைப் பார்த்தாள். நட்டைத் தன் கையாலேயே வலப்பக்கம் திருப்பினாள். அது வழக்கம்போல இறுகியது.

"ஹீலியம்தான். திறக்கலாம் சித்தப்பா."

"இன்னொரு தடவை பாரு."

இன்னொரு தடவையும் பார்த்தாள்.

ஏழு மணிக்குக் கூடத்தில் மறுபடி அறுபது பலூன்கள் ஆடின. கேக் பழைய இடத்துக்கு வந்தது. பரிசுப் பெட்டிகளை நகர்த்திக் கதவை முழுதாகத் திறந்து வைத்திருந்தார்கள். இந்த முறை தீப்பெட்டி தாய்மாமாவின் கையில் இல்லை, பையனின் அம்மா வைத்திருந்தார். ஒரு குச்சியை எடுத்தார். உரசவில்லை. கூட்டத்துக்கு நடுவில் குண்டூசியைத் தேடிப் பார்த்துக் காத்திருந்தார்.

பாட்டு நின்றுவிட்டது. எல்லோரும் அந்தப் பத்து வயதுப் பெண்ணையே பார்த்தார்கள். கண்ணாடி மாமா சுவரோரம் கைகட்டி நின்றார்.

குண்டூசி அண்ணாந்து பார்த்தாள். அவள் வாசித்த சீட்டு, அவள் திருப்பிய நட்டு. முதல் பெஞ்சில் இரண்டு இடம், இரண்டிலும் ஆள். ஆனாலும் கதவு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சரியென்று தலையை அசைத்தாள்.

குச்சி உரசியது. ஆறு சுடர்களும் ஒவ்வொன்றாக எரிந்தன. மேலே நீலமும் வெள்ளையும் பேசாமல் ஆடிக்கொண்டிருந்தன. பிறந்தநாள்காரன் கன்னம் இரண்டும் உப்ப மூச்சை இழுத்து ஒரே ஊதாக ஊதி அணைத்தான்.

அதற்குப் பிறகுதான் குண்டூசி மூச்சு விட்டாள்.